விரலுக்கும் ஒலிக்கும் இடையே

கப்ளர் வைத்த ஆர்மோனியம் ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். கப்ளருக்குரிய குமிழை இழுத்துவிட்டு, துருத்தியை மெல்ல அசைத்தபடி ஒரேயொரு கட்டையை அழுத்துங்கள். அதே சுரத்தின் இன்னொரு ஸ்தாயிக் கட்டையும் யாரும் தொடாமலே கீழே இறங்கும். உள்ளே ஒரு கம்பி இரண்டையும் பிணைத்திருக்கிறது. விரல் ஒன்று, சுரம் இரண்டு. துருத்தியில் மாற்றமில்லை, ரீட்டிலும் மாற்றமில்லை. ஒலி பிறப்பதற்கு முன்பே விரல் சொன்ன செய்தியோடு இன்னொரு செய்தி சேர்ந்துவிட்டது.

இசையை மாற்றும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. பிறந்த ஒலியைப் பிடித்து மாற்றுபவை ஒரு வகை: மைக்கில் சேர்க்கும் எக்கோ, கிட்டாருக்குப் போடும் டிஸ்டோர்ஷன் போன்றவை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளையையே ஒலி பிறக்குமுன் மாற்றுபவை மற்ற வகை. கப்ளர் இந்த இரண்டாவது வகை. கட்டைகள் இருக்கும் பலகையையே நகர்த்திச் சுருதியை மாற்றும் ஸ்கேல் சேஞ்சரும் அப்படித்தான். இன்று இசை மென்பொருள்களில் மிடி எஃபெக்ட் என்ற பெயரில் வரும் சுருதிமாற்றி, கோர்ட் ட்ரிகர், ஆர்பெஜியேட்டர், நோட் எக்கோ எல்லாம் இந்தக் கம்பி செய்த வேலையையே எண்களால் செய்கின்றன.

மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் ஆர்மோனியத்துக்கும் மின்னணுக் கீபோர்டுக்கும் நல்ல பழக்கம் உண்டு. தாழ்வுபாடு, பேசாலை, வங்காலை என்று எந்தக் கத்தோலிக்க ஊருக்குப் போனாலும் கோயிலில் ஒரு பாடகர் குழு இருக்கும். அதற்கு முன்னால் ஆர்மோனியம் இருந்த இடத்தில் இன்று மின்னணுக் கீபோர்ட் இருக்கும். நம்மவர்கள் அதை ஓர்கன் என்பார்கள். அந்த ஓர்கனின் பின்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துவாரமோ, பழைய கருவியாயின் ஐந்து ஊசி பொருந்தும் வட்டத் துவாரமோ இருக்கும். பலர் அதில் ஒருநாளும் வயர் செருகியிருக்க மாட்டார்கள். இந்த அத்தியாயத்தில் அந்தத் துவாரத்தில் வயரைச் செருகப்போகிறோம்.

அந்த வயரில் இசை போவதில்லை. போவது மிடி என்ற பொது மொழியில் எண்கள். ஓர்கனின் நடு ஸ்தாயி 'சி' கட்டையைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் மூன்று எண்கள் வெளியேறும்: 144, 60, 100. முதலாவது, 'முதலாம் சானலில் ஒரு சுரம் தொடங்குகிறது' என்கிறது. இரண்டாவது எந்தச் சுரம் என்கிறது. 0 முதல் 127 வரை 128 சுரங்கள், நடு 'சி'க்கு 60. மூன்றாவது, கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்கிறது. விரலை எடுத்ததும் இன்னொரு மூன்று எண்கள் போகும்: 128, 60, பிறகு கட்டை மேலெழுந்த வேகம். சில கருவிகள் 128க்குப் பதிலாக 144, 60, 0 என்று அனுப்பும். வேகம் பூச்சியமென்றால் சுரம் முடிந்தது என்று பொருள். குழலா, வயலினா, மணியா என்பது அந்தச் செய்தியில் இல்லை. மறுமுனையில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டிய விடயம் அது.

தந்தி இயங்கிய முறை இது. 1850களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போடப்பட்ட தந்தித் தொடர்பு மன்னார்த் தீவின் வழியாகத்தான் கடலைக் கடந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்தக் கம்பியில் யாருடைய குரலும் போகவில்லை. குறுகிய தட்டும் நீண்ட தட்டும் போயின. வாசித்தவர் தன் குரலில் வாசித்தார். செய்தி குரலிலிருந்து பிரிந்துவிட்டால், போகிற வழியில் அதை நகலெடுக்கலாம், திருத்தலாம், பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பலாம். மிடி எஃபெக்ட்டுகளின் வசதியும் ஆபத்தும் முழுக்க இதிலிருந்தே வருகின்றன.

மிடி பிறந்த கதை சுருக்கமானது. 1981இல் அமெரிக்கப் பொறியியலாளர் டேவ் ஸ்மித்தும் அவருடைய சகா செட் வூட்டும் எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பு மொழியை முன்மொழிந்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ ககேஹாஷி அதற்குத் தோள் கொடுத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்க இசை வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் புரொஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜுபிட்டர்-6ஐயும் ஒரு வயரால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டு, மொழி ஒன்று. 2013இல் ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியைக் கொண்டுவந்தார். 1992இல் ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா', கோடம்பாக்கத்தில் அவர் வீட்டோடு ஒட்டிய பஞ்சதன் ஒலிப்பதிவகத்திலிருந்து வந்தது. அந்தப் பாட்டுகள் முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டி மன்னாரிலும் ஒலித்தன. அவை எப்படி அடுக்கப்பட்டன என்ற தொழில் மட்டும் இங்கே வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் எடுத்தது. இன்று ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே அது சாத்தியம்.

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். மன்னாருக்கே உரியதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: கூத்தின் பிற்பாட்டு.

மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு பாணிகள் உண்டு. வடபாங்கை யாழ்ப்பாணப் பாங்கு என்றும் தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வார்கள். இரவு முழுக்க நீளும் நாடகமும் உண்டு, அதைச் சுருக்கி ஆடும் வாசாப்பும் உண்டு. எந்தப் பாணியானாலும் அடிப்படை ஒழுங்கு ஒன்று: மேடையில் நிற்பவர் ஓர் அடியைப் பாடுவார், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதே அடியைத் திரும்பப் பாடுவார்கள், மத்தளமும் தாளமும் இரண்டையும் கட்டிவைத்திருக்கும். ஆடுபவருக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதும், பின்வரிசையில் பாயில் இருப்பவருக்கு வரி இரண்டாம் முறை தெளிவாகக் கேட்பதும் இந்தப் பிற்பாட்டால்தான்.

கூத்துப் பாட்டான தரு ஒன்றின் மெட்டை ஓர்கனில் வாசித்து, பிற்பாட்டைக் கணினியே எழுப்பும்படி செய்யலாம். இசை மென்பொருளில் முதல் ட்ராக்குக்கு 'விரல்' என்று பெயர் வையுங்கள். அதில் ஒரு நோட் எக்கோ எஃபெக்ட்டைப் போட்டு, எட்டுத் தட்டுகள் கழித்து ஒரே ஒருமுறை திரும்பச் சொல்லும்படி அமைத்துவிடுங்கள். வாசித்தால் எட்டுத் தட்டு கழித்து அதே மெட்டு திரும்பி வரும். பதிவு பொத்தானை அழுத்தி ஒரு தருவை முழுமையாக வாசிக்கலாம். பிறகு பதிவான சுரங்களைத் திரையில் திறந்து பார்த்தால் புதியவர்கள் பெரும்பாலும் திகைப்பார்கள். நீங்கள் வாசித்த சுரங்கள் மட்டுமே அங்கே இருக்கும். காதில் கேட்ட பிற்பாட்டு ஓர் இடத்திலும் எழுதப்பட்டிருக்காது.

மென்பொருளில் கோளாறு ஏதும் இல்லை. பெரும்பாலான இசை மென்பொருள்கள் விரலிலிருந்து வந்ததை எஃபெக்ட்டுக்கு முன்னாலேயே பதிவு செய்துகொள்கின்றன. எஃபெக்ட் பின்னால் நிற்கிறது. ஒவ்வொரு முறை பாட்டை ஓடவிடும்போதும் அந்தச் சுரங்களைப் புதிதாக வாங்கி, புதிதாக எக்கோவை உண்டாக்குகிறது. இது நல்ல ஏற்பாடு. நாளைக்கு எட்டுத் தட்டை ஆறாக்கினால் முழுப் பாட்டும் மாறிவிடும். எதையும் மறுபடி வாசிக்கத் தேவையில்லை.

ஆனாலும் பிற்பாட்டைக் கையில் எடுத்துத் திருத்த வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்கவேண்டும். ஊரில் பாடும் எந்தப் பிற்பாட்டுக் குழுவும் முன்பாடியவரை எழுத்துக்கு எழுத்து நகலெடுப்பதில்லை. ஒருவர் சற்றுப் பிந்துவார், கடைசிச் சுரத்தை எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள், முன்பாடியவர் போட்ட சங்கதி உதிர்ந்து நேர்ச்சுரம் நிற்கும். எக்கோ எஃபெக்ட்டுக்கு இது தெரியாது. நாம்தான் சுரங்களைத் தொட்டுத் திருத்த வேண்டும். அதற்கு எஃபெக்ட்டின் வெளியீடு வேறொரு ட்ராக்கில் பதிவாகவேண்டும்.

இரண்டாவது ட்ராக் ஒன்றைத் திறந்து 'பிற்பாட்டு' என்று பெயர் வையுங்கள். அதன் உள்ளீடாக ஓர்கனைக் கொடுக்காமல் 'விரல்' ட்ராக்கின் வெளியீட்டைக் கொடுத்துப் பதிவுக்குத் தயாராக்குங்கள். ஏபிள்டன் லைவில் இரண்டாவது ட்ராக்கின் 'மிடி ஃப்ரொம்' பெட்டியில் முதல் ட்ராக்கின் பெயரைத் தெரிவு செய்தால் போதும். ரீப்பரில் ஒரு ட்ராக்கிலிருந்து மற்றதற்கு செண்ட் போட்டு, பதிவு முறையை 'வெளியீட்டைப் பதிவு செய், மிடி' என்று மாற்றவேண்டும். ரீப்பரில் இன்னொரு வழியும் உண்டு: எஃபெக்ட்டை 'இன்புட் எஃபெக்ட்' வரிசையில் வைத்தால் அது பதிவுக்கு முன்னாலேயே வேலை செய்துவிடும். கியூபேஸ் வேறு பாதையில் போகிறது. பாட்டின் ஒரு பகுதியைக் குறித்துவிட்டு 'மேர்ஜ் மிடி இன் லூப்' என்று கட்டளையிட்டால் எஃபெக்ட்டின் விளைவை ஓடவிடாமலே சுரங்களாக எழுதித் தரும். லொஜிக்கில் மிடி எஃபெக்ட்டுக்கென்று இசைக்கருவிக்கு மேலே தனிக் கட்டம் இருக்கிறது. பதிவில் விழுவது அதற்கு முந்தியதே. அதனால் பழைய பயனர்கள் மெக் கணினியின் உள்ளேயே இருக்கும் ஐஏசி என்ற மாயவயர் வழியாக வெளியீட்டைச் சுற்றிக்கொண்டுவந்து பதிவு செய்தார்கள்.

மெனுக்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாத கேள்வி, விரலிலிருந்து ஒலிவரை போகும் பாதையில் எந்த இடத்தில் நின்று எழுதுகிறோம் என்பதே. இசைக்கருவி ப்ளகினைத் தாண்டிய பிறகு நின்றால் அங்கே சுரம் என்று ஒன்றும் இருக்காது. ப்ளகின் எண்களை வாங்கி ஒலியாக்கி வெளியே விட்டிருக்கும். ஆகவே சுரமாக வேண்டுமென்றால் எஃபெக்ட்டுக்குப் பின்னால், கருவிக்கு முன்னால் நிற்கவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த மென்பொருளிலும் வழியைக் கண்டுபிடிக்கலாம்.

இனி வழியில் வரும் சிக்கல்கள். முதலாவது, ஆர்மோனியக் கம்பி இயல்பாகவே சமாளித்த ஒன்று. கப்ளர் போட்டு நடு 'சி'யை அழுத்துகிறோம், மேல் 'சி' தானாக இறங்குகிறது. இப்போது அந்த மேல் 'சி'யில் இன்னொரு விரலையும் வைத்துவிட்டு நடு 'சி'யை மட்டும் விடுங்கள். மேல் 'சி' தொடர்ந்து ஒலிக்கும், ஏனெனில் விரல் அதை உண்மையாகவே பிடித்திருக்கிறது. கணினியில் இதே கதை வேறுவிதமாக முடியும். ஸ்தாயி எஃபெக்ட் 72ஐத் தொடங்கு என்று ஒரு செய்தி அனுப்பியிருக்கும். விரலும் 72ஐத் தொடங்கு என்று அனுப்பியிருக்கும். நடு 'சி'யை விட்டதும் எஃபெக்ட் 72ஐ நிறுத்து என்று சொல்லும். பல கருவிகள் யார் தொடங்கியது என்று கணக்கு வைப்பதில்லை. நிறுத்து என்றதும் நிறுத்திவிடும். மேல் விரல் கட்டையில் இருக்க, ஒலி செத்துவிடும். நன்றாக எழுதப்பட்ட எஃபெக்ட் ஒவ்வொரு சுரத்தையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவைத்து, கடைசி ஆள் விட்ட பிறகே நிறுத்தச் சொல்லும்.

இதன் மறுபக்கம் நிற்காமல் ஒலிக்கும் சுரம். சுருதிமாற்றியை இரண்டு படி ஏற்றிவைத்து நடு 'சி'யை அழுத்துகிறீர்கள். 60 என்று வந்தது 62 ஆகிப் போகிறது. கட்டையில் விரல் இருக்கும்போதே மாற்றியை நான்கு படிக்கு ஏற்றுகிறீர்கள். விரலை எடுத்ததும் '64ஐ நிறுத்து' என்று செய்தி போகிறது. 64 ஒலிக்கவே இல்லை. 62க்கு நிறுத்தச் சொல்ல இனி யாரும் இல்லை. மாதா பாட்டின் நடுவே சுருதியை ஏற்றிய ஓர்கன்காரர் பலருக்கு இந்த முடிவில்லாத சுரம் அறிமுகம். மிடி மொழியில் இதற்கென்றே 123ஆம் எண் கட்டளை இருக்கிறது: எல்லாச் சுரங்களையும் நிறுத்து. மென்பொருள்களில் அது 'பேனிக்' என்ற பொத்தானாக இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது.

ஓர்கனையே கணினிக்குக் கட்டைப்பலகையாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு சுரமும் இரட்டிப்பாகக் கேட்கும். ஓர்கன் தன் சொந்த ஒலியையும் எழுப்பும், கணினி சுற்றித் திருப்பி அனுப்பிய செய்திக்கும் ஒலியெழுப்பும். ஓர்கனின் அமைப்பில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்துவிட்டால் கட்டைக்கும் உள்ளிருக்கும் ஒலிக்கும் உள்ள நேர்த்தொடர்பு அறும். கணினி வழியாக வருவது மட்டும் ஒலிக்கும். 'பிற்பாட்டு' ட்ராக்கின் வெளியீட்டைத் தவறுதலாக 'விரல்' ட்ராக்குக்கே திருப்பிவிட்டால் அதைவிட மோசம்: எக்கோவின் எக்கோவுக்கு எக்கோ வந்து, நிறுத்தும்வரை சுரங்கள் பெருகும்.

நேரத்தையும் பார்க்கவேண்டும். பழைய ஐந்து ஊசி மிடி செக்கனுக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வோர் எண்ணும் தொடக்க, முடிவுக் குறிகளோடு 10 பிட். மூன்று எண் கொண்ட செய்தி 30 பிட். அதாவது ஒரு சுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிசெக்கன். பத்து விரலையும் ஒன்றாக வைத்தாலும் பத்தாவது சுரம் ஏறக்குறைய பத்து மில்லிசெக்கன் பிந்தியே போகும். மன்னார் வெயிலில் அந்த நேரத்தில் ஒலி மூன்றரை மீற்றர் நகர்ந்துவிடும். மேடையில் மத்தளக்காரர் அவ்வளவு தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. யூஎஸ்பி இதைவிட வேகமானது. கணினிக்குள் தாமதம் வேறு காரணத்தால் வருகிறது. அது இசையைச் சிறு துண்டுகளாகக் கணக்கிடுகிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது ஒரு துண்டில் 512 மாதிரிகள் என்றால் துண்டொன்று 11.6 மில்லிசெக்கன். ஒரு ட்ராக்கிலிருந்து மற்றதற்குப் போகும் செய்தி சில மென்பொருள்களில் ஒரு துண்டு பிந்தும். பதிவான சுரங்கள் எல்லாம் ஒரே அளவு வலப்பக்கம் தள்ளி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மொத்தமாகத் தேர்ந்து இடப்பக்கம் இழுத்துவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக்கூடிய சிக்கல்கள். இனி வருவது மிடி பிறக்கும்போதே கூட வந்தது. நம் இசைக்கு அதுதான் பெரியது.

தவக்காலத்தில் இந்தக் கரையோரக் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் ஓதுவார்கள். கோவாவிலிருந்து வந்து 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணிசெய்த யாகோமே கொன்சால்வஸ் அடிகள் எழுதிய நூல் அது. ஓதுபவரின் குரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்குத் தாவாமல் வழுக்கி இறங்கும். துயரம் அந்த வழுக்கலில் இருக்கிறது. ஓர்கன் கட்டையில் அந்த இடைவெளிக்குக் கட்டையே இல்லை. அதை வாசிக்க இடப்பக்கத்தில் உள்ள பிட்ச் பெண்ட் சில்லை உருட்டவேண்டும். சில்லின் நிலையை மிடி 0 முதல் 16,383 வரை எண்ணுகிறது, நடு 8,192. வழக்கமான அமைப்பில் நடுவிலிருந்து ஒரு முழுச்சுரம் மேலும் ஒரு முழுச்சுரம் கீழும் போகலாம். அவ்வளவு நுணுக்கமான படிகளில் எந்தக் கமகத்தையும் எழுதலாம் என்று தோன்றும்.

எழுதலாம்தான், ஒரே ஒரு சுரம் ஒலிக்கும்வரை. பிட்ச் பெண்ட் செய்தியில் எந்தச் சுரத்தை வளைப்பது என்று சொல்ல இடமில்லை. எந்தச் சானலை என்று மட்டுமே உண்டு. நமது பிற்பாட்டு எடுத்துக்காட்டுக்குத் திரும்புங்கள். முதல் அடியின் பிற்பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது முன்பாடியவர் இரண்டாம் அடியைத் தொடங்கிவிட்டு ஒரு வழுக்கல் போடுகிறார். இரண்டும் ஒரே சானலில் இருந்தால் நின்றுகொண்டிருந்த பிற்பாட்டுச் சுரமும் அவரோடு சேர்ந்து வழுக்கும். மறுபக்கம், எக்கோ எஃபெக்ட்டுகள் பல சுரத்தை மட்டும் திரும்பச் சொல்லிச் சில்லின் அசைவைத் தவறவிடும்; வழுக்கி இறங்கவேண்டிய இடத்தில் பிற்பாட்டு விறைத்து நிற்கும்.

எஃபெக்ட்டின் வெளியீட்டைத் தனி ட்ராக்கில் பதிவுசெய்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பதிவான பிற்பாட்டுக்கு வேறு சானலைக் கொடுத்தவுடன் ஒன்றின் வளைவு மற்றதைத் தொடாது. விறைத்து நின்ற சுரங்களுக்கு நாமே வளைவு வரையலாம். 2018இல் வந்த எம்பிஈ என்ற விரிவாக்கம் இதையே முறைப்படுத்துகிறது: ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிச் சானல், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி வழுக்கல். 2020இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு சுரத்துக்கும் சொந்த வளைவைச் செய்தியிலேயே கொடுத்தது. நமது ஊர் ஓர்கன்களில் பெரும்பாலானவை இன்னும் 1983இன் மொழியையே பேசுகின்றன; அதனால் சானலைப் பிரிக்கும் பழைய கைவேலையைத் தெரிந்துவைத்திருப்பது நமக்கு அவசியம்.

சுரங்களை ஒரு குறித்த ராகத்துக்குள் தள்ளிவிடும் ஸ்கேல் எஃபெக்ட் என்று ஒன்று உண்டு. தவறான கட்டையில் விரல் பட்டால் பக்கத்துச் சுரத்துக்கு மாற்றிவிடும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது துணை. கூத்து மெட்டைப் பதிவுசெய்பவர் அதைப் பதிவுக்கு முந்திய பாதையில் ஒருபோதும் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தார். 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' போன்றவை அச்சில் நிலைத்தது அந்த உழைப்பால்தான். பனுவல் தப்பியது. ஆனால் அச்சில் 'தரு', 'விருத்தம்', 'கொச்சகம்' என்று தலைப்பு வருமே தவிர மெட்டு வராது. மெட்டு அண்ணாவிமாரின் தொண்டையில் இருக்கிறது. அதில் மேற்கத்தைய பன்னிரு கட்டைக்குள் அடங்காத சுரங்கள் இருக்கலாம். ஓர் இடத்தில் ஒருவிதமாகவும் இன்னோர் இடத்தில் வேறுவிதமாகவும் நிற்கும் சுரங்கள் இருக்கலாம். 'தவறு' என்று மென்பொருள் திருத்திவிட்ட சுரமே அந்த மெட்டின் அடையாளமாக இருக்கக்கூடும். திருத்தியதை மட்டும் பதிவு செய்தால் திருத்துமுன் என்ன இருந்தது என்று அறிய வழியே இராது.

அதனால் அண்ணாவியார் பாடும்போது முதலில் மைக்கை வையுங்கள். குரலை ஒலியாகவே, எந்தச் சேர்க்கையும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். மிடி ஒருபோதும் குரலுக்கு ஈடாகாது. பிறகு அந்தப் பதிவைக் கேட்டு ஓர்கனில் மெட்டை எடுக்கும்போது, எஃபெக்ட் படாத 'விரல்' ட்ராக்கை ஒருநாளும் அழிக்காதீர்கள். எஃபெக்ட் பட்டது பக்கத்து ட்ராக்கில் இருக்கட்டும்.

எழுதிவைக்கவேண்டிய தேவை இன்னும் இரண்டு இடங்களில் வரும். சுரங்களைச் சற்று முன்பின்னாகச் சிதறி மனிதர் வாசித்ததுபோல் காட்டும் ரேண்டம் எஃபெக்ட்டுகள் ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும். நேற்று இரவு கேட்டு மகிழ்ந்தது இன்று காலை வராது. பிடித்த ஓட்டத்தைப் பதிவு செய்தால்தான் அது உங்களுடையது. மற்றது கோப்பை அனுப்புவது. தலைமன்னாரில் ஒருவர் உருவாக்கிய பாட்டை டொரொன்டோவில் இருக்கும் மச்சான் வேறு மென்பொருளில் திறக்கவேண்டுமென்றால் பொதுவான மிடி கோப்பாகத்தான் அனுப்பவேண்டும். அந்தக் கோப்பில் சுரங்கள் போகும், சானல்கள் போகும், சில்லின் வளைவும் போகும். எஃபெக்ட் ப்ளகின் போகாது. பிற்பாட்டு எஃபெக்ட்டாக மட்டும் இருந்தால் டொரொன்டோவில் ஒற்றைக் குரல்தான் கேட்கும். சுரமாக எழுதப்பட்டிருந்தால் முழுக் குழுவும் கேட்கும். அளவும் சிறிது: ஆயிரம் சுரம் கொண்ட மூன்று நிமிடப் பாட்டு பத்து கிலோபைட் அளவில் அடங்கும், அதே பாட்டைச் சுருக்காத ஸ்டீரியோ ஒலியாக அனுப்பினால் 31 மெகாபைட்டுக்கும் மேல்.

பதிவு முடிந்ததும் செய்யவேண்டிய ஒழுங்கு ஒன்று மிச்சமிருக்கிறது. 'பிற்பாட்டு' ட்ராக்கில் எக்கோவோடு முன்பாடியவரின் சுரங்களும் சேர்ந்து விழுந்திருக்கும், ஏனெனில் எஃபெக்ட் இரண்டையும் ஒரே வெளியீட்டில்தான் அனுப்பியது. எஃபெக்ட்டில் மூலத்தை அடக்கி எக்கோவை மட்டும் அனுப்பும் வசதி இருந்தால் பதிவுக்கு முன்பே அதைப் போட்டுவிடலாம். இல்லையென்றால் முன்பாட்டுச் சுரங்களைக் கையால் அழிக்கவேண்டும். பிறகு 'விரல்' ட்ராக்கில் எக்கோவை அணைத்து, 'பிற்பாட்டு' ட்ராக்கின் உள்ளீட்டைத் துண்டித்து, அதற்கு இரண்டாம் சானலையும் தடித்த ஒரு குரல் ஒலியையும் கொடுங்கள். இப்போது சுரங்களைத் திறந்து, ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் இருபது முப்பது மில்லிசெக்கன் பின்னால் தள்ளுங்கள், முன்பாடியவரின் சிறு சங்கதிகளை அழித்துவிடுங்கள், அடியின் கடைசிச் சுரத்தை மத்தளத்தின் அடுத்த தட்டுவரை நீட்டிவிடுங்கள்.